தளரா நம்பிக்கை: கே. சி. மாம்மன் மாப்பிள்ளையின் வாழ்வு

வாணிகம் நம்பிக்கையையே முதலாகக் கொண்டு நடக்கும் தொழில். நாளை மழை பெய்யும் என்று நம்பி உழவன் இன்று விதைக்கிறான். நாளை விலை கிட்டும் என்று நம்பி வணிகன் இன்று கொள்முதல் செய்கிறான். ஆயினும் இருவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. உழவன் தன் விதையைத் தன் நிலத்தில் இடுகிறான். பெருந்தொழில் நடத்துவோன் பிறருடைய விதையையும் வாங்கித் தன் நிலத்தில் இடுகிறான். அவனுடைய நம்பிக்கை பொய்த்துவிட்டால் அவன் ஒருவனோடு துன்பம் நிற்பதில்லை. ஆதலின், தொழில் தலைவன் ஒருவன் எவ்வளவு நம்பலாம், பிறரை எவ்வளவு எதிர்பார்க்கச் செய்யலாம் என்னும் வினா, கணக்கேட்டோடு முடியும் வினா அன்று; அறநூல்களும் சமய நூல்களும் ஆராய்ந்த வினா அது.

கிறித்துவத் திருமறையில் இது பற்றி இரண்டு உவமைகள் உள்ளன. ஒன்று தாலந்து உவமை. வெளியூர் செல்லும் தலைவன் தன் பணியாளர் மூவரிடம் பொருள் ஒப்படைத்துச் செல்கிறான். இருவர் அதனைக் கொண்டு வாணிகம் செய்து இரட்டிப்பாக்குகின்றனர். மூன்றாமவன் இழப்புக்கு அஞ்சி மண்ணில் புதைத்து வைக்கிறான். தலைவன் திரும்பி வந்தபோது கண்டிக்கப்பட்டவன் புதைத்து வைத்தவனே. மற்றோர் உவமை கோபுரம் கட்டப் புகுந்தவனைப் பற்றியது. முடிப்பதற்குப் போதிய பொருள் தன்னிடம் உண்டா என்று முதலில் அமர்ந்து கணக்கிடாதவன், அடித்தளத்தோடு நின்று ஊரார் நகைப்புக்கு ஆளாவான் என்பது அதன் பொருள். துணிவை வேண்டுகிறது முன்னது; கணக்கை வேண்டுகிறது பின்னது. நம் வள்ளுவப் பெருந்தகையும் பொருட்பாலில் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் தேவை என்பதே பெரியோர் அனைவரின் துணிபு. இரண்டையும் ஒருவனே ஒரே நாளில் கைக்கொள்வது எத்துணை அரிது என்பதனைக் காட்டும் வாழ்வு ஒன்று இம்மலையாள மண்ணில் நிகழ்ந்தது. அதனையே இம்மலரில் நாம் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

இடக்கொச்சியில் வாழும் தமிழர்களாகிய நாம் தமிழேட்டோடு மலையாள ஏட்டையும் புரட்டிப் பழகியவர்கள். அங்ஙனம் நம் கண்ணில் நாள்தோறும் படும் ஏடுகளுள் ஒன்று மலையாள மனோரமா. நம் தெருவில் ஓடும் வண்டிச் சக்கரங்கள் பலவற்றில் எம்.ஆர்.எஃப். என்னும் மூன்று எழுத்துகளைக் காண்கிறோம். முன்னது கோட்டயத்தில் வளர்ந்தது. பின்னது நம் சென்னைத் திருவொற்றியூரில் பிறந்தது. இவ்விரண்டிற்கும் பின்னால் நிற்கும் தந்தை ஒருவரே. அவரே கண்டத்தில் செறியான் மாம்மன் மாப்பிள்ளை ஆவார். மாப்பிள்ளை என்னும் சொல்லைக் கண்டு நம்மவர் முறுவலிக்க வேண்டா. மலையாள நாட்டில் அது மருமகனைக் குறிக்கும் சொல்லாக மட்டும் வழங்கவில்லை. கிறித்துவர், முகம்மதியர், யூதர் ஆகியோரை மதித்து அழைத்த பழம் பட்டமாகவும் வழங்கியது.

பிறப்பும் சூழலும்

மாம்மன் மாப்பிள்ளை 1873ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் பிறந்தார். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த கண்டத்தில் குடும்பம் திருவல்லா வட்டாரத்தில் வேர்கொண்டது. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவல்லவாழ் என்னும் பழம்பதியே இன்றைய திருவல்லா என்பதனைத் தமிழர் அறிவர். திருமால் கோயிலும் பழமையான கிறித்துவக் குடிகளும் அடுத்தடுத்து விளங்கும் ஊர் அது.

அவருடைய சிறிய தந்தையார் கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை. இவருடைய வரலாற்றில் நம் கொச்சிக்கு ஒரு பங்கு உண்டு. வாணிகத்தின் பொருட்டுக் கொச்சிக்கு வந்து நிலைத்த தேவ்ஜி பீம்ஜி என்னும் குஜராத்தி வணிகர், 1881ஆம் ஆண்டில் கேரள மித்ரம் என்னும் மலையாளச் செய்தித்தாளை இங்கே தொடங்கினார். அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் வர்கீஸ் மாப்பிள்ளை. பிழைக்க வந்த ஊரின் மொழிக்கு ஒரு செய்தித்தாளை ஈந்த அக்குஜராத்தியரை, அவரைப் போலவே வந்து குடியேறிய நாம் நன்றியோடு எண்ண வேண்டும். இங்கே கற்ற தொழிலைக் கொண்டு வர்கீஸ் மாப்பிள்ளை கோட்டயத்தில் 1888ஆம் ஆண்டு பங்குதாரர் கூட்டுறவில் மலையாள மனோரமா நிறுவனத்தை அமைத்தார். 1890ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முதல் இதழ் வெளிவந்தது. ஒருவருடைய செல்வத்தை மட்டும் நம்பாமல் பலருடைய சிறு தொகைகளைப் பங்குகளாகச் சேர்த்து இதழ் நடத்துவது அந்நாளில் புதுமையான துணிவு.

1904ஆம் ஆண்டில் வர்கீஸ் மாப்பிள்ளை மறைந்தார். அப்பொழுது மாம்மன் மாப்பிள்ளை கோட்டயம் எம். டி. செமினரி உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். அவ்வாண்டே மனோரமாவின் ஆசிரியப் பொறுப்பு அவர் தோளில் ஏறியது. வகுப்பில் சில நூறு மாணாக்கர்க்குச் சொன்னதை இனி ஒரு நாட்டிற்கே சொல்லும் கடமை அவருக்கு வாய்த்தது.

இதழாசிரியர்

அவர் காலத்தில் மனோரமா படிப்படியாக வளர்ந்தது. கிழமைதோறும் தொடங்கி, கிழமைக்கு இருமுறையாகி, 1918இல் கிழமைக்கு மும்முறையாகி, 1928இல் நாளிதழாகிய வரலாறு அதனுடையது. இவ்வளர்ச்சிக்கு அவருடைய எழுதுகோல் மட்டும் காரணம் அன்று. திருவாங்கூரில் பள்ளிகள் பெருகின. படித்தோர் தொகை பெருகியது. படித்தவன் வாரக் கடைசி வரை காத்திருக்க மாட்டான் என்பதனை அவர் முன்னரே உணர்ந்தார். தேவை முற்றிலும் வெளிப்பட்ட பின்னர்ச் செயலில் இறங்குவது பலரின் இயல்பு. தேவை முளைவிடும் பொழுதே கண்டுகொள்வது அவருடைய இயல்பு.

அவர் அரசியலிலும் ஒதுங்கி நிற்கவில்லை. திருவாங்கூர் ஸ்ரீமூலம் மக்கள் சபையில் உறுப்பினராக இருந்தார். 1924இல் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நிகழ்ந்தது. நம் ஈரோட்டு ஈ. வெ. ராமசாமி அவர்கள் சென்று சிறைபுகுந்த அப்போரில் மனோரமா உரிமை வேண்டியோர் பக்கம் நின்றது. 1929ஆம் ஆண்டில் சிறுவர்க்கென அகில கேரள பாலஜன சக்கியம் என்னும் அமைப்பை அவர் தோற்றுவித்தார். சாதி சமய வேறுபாடின்றிச் சிறுவர் ஒன்றுகூடிப் பேசவும் எழுதவும் தலைமை தாங்கவும் பழகும் இடமாக அது விளங்கியது. நாளைய வாசகரும் நாளைய தலைவரும் இன்றைய சிறுவரே என்று கருதியவர்க்கே இத்தகைய எண்ணம் தோன்றும்.

நிலமும் வங்கியும்

திருவாங்கூர் மலைச்சரிவுகளில் தேயிலையும் ரப்பரும் பயிரிட்டுப் பெரும்பொருள் ஈட்டியோர் தொடக்கத்தில் வெள்ளையரே. 1902ஆம் ஆண்டில் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் அவர்கள் ரப்பர்த் தோட்டம் அமைத்தனர். மண் நம்முடையது, மழை நம்முடையது, உழைக்கும் கை நம்முடையது. ஆதாயம் மட்டும் கப்பலேறுவானேன் என்று நாட்டு மக்கள் எண்ணத் தொடங்கினர். 1910இல் உள்நாட்டவர் முதலில் மலங்கரை ரப்பர் நிறுவனம் எழுந்தது. இத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கம் ஊட்டியோருள் மாம்மன் மாப்பிள்ளை முன்வரிசையில் நின்றார். நெல்லும் தென்னையுமே அறிந்த குடியானவனை, பால் எடுக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய மரத்தை நட வைப்பது எளிய செயல் அன்று. அதற்குச் சொல்வன்மையும் வேண்டும். சொல்பவனிடம் கேட்பவனுக்கு நம்பிக்கையும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

காத்திருக்கும் காலத்திற்குக் கடன் வேண்டும். வட்டிக்கடைக்காரரை அண்டினால் தோட்டம் காய்க்குமுன் நிலம் கைமாறிவிடும். எனவே 1912ஆம் ஆண்டில் திருவல்லாவில் திருவாங்கூர் நேஷனல் பாங்க் தோன்றியது. அதனை நிறுவி வளர்த்தவர் மாம்மன் மாப்பிள்ளை. சீட்டும் குறியும் பிடித்துப் பழகிய மக்கள் வங்கியின் வாயிலுக்கு வந்தனர். விதவையின் சேமிப்பும், மகளின் திருமணத்துக்கென ஒதுக்கிய தொகையும், கோயிற் பணமும், கடல் கடந்து உழைத்தவர் அனுப்பிய பொருளும் அங்கே சேர்ந்தன. மற்றொரு புறத்தில் 1919ஆம் ஆண்டு சி. பி. மாத்தன் என்பார் குயிலோன் பாங்க் என்பதனைத் தொடங்கி வளர்த்தார். 1937ஆம் ஆண்டில் இரு வங்கிகளும் இணைந்து, திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் பாங்க் என்னும் பெயரோடு தென்னாட்டின் பெரிய வங்கிகளுள் ஒன்றாயின. தலைமையிடம் சென்னைக்கு வந்தது. மலையோரத்துச் சிற்றூரில் முளைத்தது மாநகரங்களில் கிளைவிட்டது. பார்த்தவர் வியந்தனர்.

ஈண்டு வங்கித் தொழிலின் உள்ளியல்பு ஒன்றை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். பணம் வைத்தவன் கேட்டபொழுது கொடுக்க வேண்டும்; கடன் வாங்கியவனோ பயிர் விளைந்த பின்னரே திருப்புவான். வைத்தவர் அனைவரும் ஒரே நாளில் வந்து கேட்டால், எத்துணை நேர்மையான வங்கியும் கொடுக்க இயலாது திகைக்கும். எல்லாரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்னும் எதிர்பார்ப்பின் மீதே வங்கி நிற்கிறது. அவ்வெதிர்பார்ப்பைக் காப்பது நற்பெயர். நற்பெயர் ஒரு வதந்தியால் ஒரே நாளில் சாயக்கூடியது. தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று. 1906ஆம் ஆண்டில் சென்னையில் அர்பத்நாட் என்னும் ஆங்கிலேயர் வணிக நிறுவனம் வீழ்ந்து எண்ணற்ற குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. அத்துன்பத்திலிருந்தே 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

வீழ்ச்சி

1938ஆம் ஆண்டு திருவாங்கூரில் கொந்தளிப்பான ஆண்டு. பொறுப்பாட்சி வேண்டும் என்று திருவாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் அவ்வாண்டு பிப்ரவரியில் தோன்றியது. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் மீது குற்றங்களை அடுக்கி மகாராஜாவுக்கு விண்ணப்பம் அளிக்கப்பட்டது. மனோரமா மக்கள் இயக்கத்தை ஆதரித்தது. வங்கியின் தலைவர்களும் அவ்வியக்கத்தின் பக்கமே என்று திவான் தரப்பு கருதியது. அந்நிலையில் வங்கியைப் பற்றிய ஐயம் எங்கும் பரவியது. வைத்தவர்கள் திரண்டு வந்தனர். 1938 ஜூன் 21ஆம் நாள் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. பின்னர் நீதிமன்ற ஆணையால் அது கலைக்கப்பட்டது.

அடி அதோடு நிற்கவில்லை. செப்டம்பர் 10ஆம் நாள் கோட்டயத்தில் மனோரமா அச்சகம் முத்திரையிடப்பட்டது. அக்டோபரில் மாம்மன் மாப்பிள்ளையும் சி. பி. மாத்தனும் சென்னையில் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வங்கிக் கணக்குகள் பற்றிய வழக்கு நடந்தது, தண்டனை விதிக்கப்பட்டது. தம் 65ஆம் அகவையில், ஆசிரியரும் வங்கித் தலைவரும் மக்கள் சபை உறுப்பினருமாக விளங்கிய முதியவர் சிறைக்கைதியானார். அவருடைய உடன்பிறந்தார் கே. சி. ஈப்பனும் சிறைப்பட்டார், அவர் உயிரோடு திரும்பவில்லை. சிறையிலேயே மறைந்தார்.

இதற்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. திவானின் பகைமையே நல்ல வங்கியைக் கொன்றது என்பது ஒன்று. மலையாள நாட்டில் பெரும்பாலோர் கொண்ட கருத்து இதுவே. வங்கி தன் வலுவுக்கு மீறி விரிந்தது, நீண்டகாலக் கடன்களில் பணத்தை முடக்கியது, அதனாலேயே சாய்ந்தது என்பது மற்றொன்று. சர் சி. பி. தமிழர். ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இலும் திருவாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937இலும் எழுந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் தமிழர் என்பதற்காக அவரை நாம் காக்க வேண்டியதில்லை. செய்தித்தாளின் வாயை அடைத்ததும், எதிர்த்தோரைச் சிறையில் தள்ளியதும் நாம் மறுக்க முடியாதவை. அங்ஙனமே, மாம்மன் மாப்பிள்ளையை நாம் போற்றுகிறோம் என்பதற்காக வங்கியின் பொறுப்பையும் மறைக்க வேண்டியதில்லை. வங்கியை வெளியிலிருந்து வந்த காற்று சாய்த்தது என்றே கொள்வோம். காற்று வீசும் நாளும் ஒன்று வரும் என்று எதிர்பார்த்துக் கட்டுவதும் கட்டுபவன் கடமை அன்றோ? இணைந்து ஓராண்டுக்குள் தலைநகரை மாற்றி மாநகர்தோறும் விரிந்த வங்கி, அரசின் சினத்தையும் மக்களின் அச்சத்தையும் ஒருங்கே தாங்கும் அளவு கைப்பணம் வைத்திருக்கவில்லை. தாலந்து உவமையை அவர்கள் நன்கு கற்றிருந்தனர்; கோபுர உவமையை அவ்வாண்டு மறந்தனர் என்றே நாம் கருதுகிறோம்.

இதில் நாம் மறக்கலாகாத மற்றொருவர் உண்டு. அவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. சிறுகச் சேர்த்த பணத்தை அவ்வங்கியில் இட்டு, 1938 ஜூன் மாதத்தில் மூடிய கதவின் முன் நின்றவர் அவர். திவானும் அறியார், வங்கித் தலைவரும் அறியார். அவருடைய எதிர்பார்ப்பு மிகச் சிறியது: இட்டதைத் திரும்பப் பெறுதல். பெரியோரின் பெரும் நம்பிக்கைகள் மோதும்பொழுது முதலில் நசுங்குவது அச்சிறிய எதிர்பார்ப்பே. அதன் காவலுக்குச் சட்டம் காலந்தாழ்த்தே வந்தது. இவ்வங்கியின் வீழ்ச்சி வங்கிகளுக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்னும் கருத்தை வலுப்படுத்தியது. 1949இல் வங்கி நிறுவனங்கள் சட்டம் நிறைவேறியது. 1960ஆம் ஆண்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்க் மூடப்பட்டபின், 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ரூ. 1,500 வரை அளித்த காப்பு, 2020 முதல் ரூ. 5 லட்சமாக உள்ளது. இன்று நாம் வங்கியில் இடும் பணத்துக்குக் கிடைக்கும் இச்சிறு காப்பின் அடித்தளத்தில், பெயரறியாத அவருடைய கண்ணீரும் உண்டு.

எல்லை தாண்டிய ஏடு

நாம் வாழும் இடக்கொச்சியின் தென்கோடியில் காயல், அக்கரையில் அரூர். இன்று பாலத்தின் வழியே ஊர்திகள் நொடியில் கடந்து செல்கின்றன. ஆனால் 1949 ஜூலை முதல் நாள் இரு சமஸ்தானங்களும் இணையும்வரை, இக்கரை கொச்சி அரசு. அக்கரை திருவாங்கூர் அரசு. ஓர் அரசின் ஆணை மற்றோர் அரசின் மண்ணில் செல்லாது. இவ்வெல்லையே மனோரமாவுக்குச் சிறிது காலம் மூச்சுவிட இடம் தந்தது. கோட்டயத்தில் முத்திரையிடப்பட்ட ஏடு, கொச்சி நாட்டைச் சேர்ந்த குன்னங்குளத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்பது மாதம் அவ்வாறு நடந்தது. பின்னர் அதுவும் நின்றது. அதன்பின் நீண்ட அமைதி.

சிறையும் அதன் பின்னும்

1941ஆம் ஆண்டில் மாம்மன் மாப்பிள்ளை சிறையிலிருந்து வெளிவந்தார். வங்கி இல்லை, ஏடு இல்லை, உடன்பிறந்தார் இல்லை, அகவையோ எழுபதை நெருங்கியது. இந்நிலையில் ஒருவர் உலகை வெறுத்திருந்தால் யாரும் பழித்திரார்.

இவ்விடத்தில் நமக்கு வ. உ. சிதம்பரனார் நினைவுக்கு வருகிறார். 1872 செப்டம்பரில் பிறந்த சிதம்பரனாருக்கும் 1873 மே மாதத்தில் பிறந்த மாம்மன் மாப்பிள்ளைக்கும் எட்டு மாதமே இடைவெளி. அவர் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பலருடைய பங்குப் பணத்தில் தொடங்கினார். 1908இல் சிறைப்பட்டார். சிறையில் இருக்கும்பொழுதே 1911இல் கம்பெனி கலைந்தது. 1912ஆம் ஆண்டு இறுதியில் அவர் விடுதலை பெற்றார். திருவல்லாவில் வங்கி பிறந்ததும் அதே ஆண்டுதான். ஆட்சியை எதிர்த்தவர் தொழிலும் நடத்தினால் ஆட்சி எங்கே அடிக்கும் என்பதனைத் தூத்துக்குடி முன்னரே காட்டிவிட்டது. சிதம்பரனாரின் கப்பல்கள் மீளவில்லை. 1936இல் வறுமையிலேயே அவர் மறைந்தார். தளராமை உடையவர் அனைவரும் தம் கண்ணால் பலனைக் காண்பர் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பலன் கிட்டிற்று என்பதனால் ஒருவருடைய நம்பிக்கை உயர்ந்ததும் ஆகாது. கிட்டவில்லை என்பதனால் மற்றவருடையது தாழ்ந்ததும் ஆகாது. இதனை உணர்ந்தே மாம்மன் மாப்பிள்ளையின் பிற்கால வாழ்வை நாம் நோக்க வேண்டும்.

ஆண்டுகள் கடந்தன. 1947 ஜூலையில் சர் சி. பி. தாக்கப்பட்டுக் காயமுற்றார்; அடுத்த மாதம் பதவி துறந்தார். நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் மலையாள மனோரமா மீண்டும் வெளிவந்தது. மூடிய கதவு திறக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆசிரியருக்கு அப்பொழுது அகவை 74. பழைய வாசகரின் பிள்ளைகளுக்குப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்த ஏட்டை, அவர் மீண்டும் கையில் எடுத்தார்.

முதல் நம்பிக்கைக்கும் இந்நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். வங்கி நாளில் அவருடைய நம்பிக்கைக்குப் பிறருடைய பணம் துணை நின்றது. சிறை நாளில் அந்நம்பிக்கைக்கு அவருடைய உடலும் காலமுமே ஈடு. அது பொய்த்திருந்தாலும் எந்த விதவையின் சேமிப்பும் கரைந்திராது. இடுக்கணழியாமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தது இத்தகைய நிலையை எண்ணியே போலும். கிறித்துவர் தம் மறையில் விசுவாசம், அன்பு ஆகியவற்றோடு நம்பிக்கையையும் சேர்த்து எண்ணுவர். அந்நம்பிக்கை ஆதாயக் கணக்கின் மறுபெயர் அன்று. கணக்குகள் அனைத்தும் கைவிட்ட பின்னரும் எஞ்சி நிற்பது.

மக்கள்

அவருக்கு மக்கள் ஒன்பதின்மர், எண்மர் ஆண்கள். தந்தை சிறைப்பட்ட நாளில் இளையவர்கள் இன்னும் கல்லூரிப் பருவத்தினர். குடும்பத்தின் பெருஞ்செல்வம் போயிற்று. உழைத்துப் பிழைக்க வேண்டிய நிலை வந்தது. சிலர் பம்பாய் சென்றனர். சிலர் காப்பித் தோட்டங்களைக் கவனித்தனர். கடைக்குட்டியான கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர், 1946ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் சிறுவர் ஊதும் ரப்பர்ப் பலூன் செய்யத் தொடங்கினார். வங்கி நடத்திய வீட்டுப் பிள்ளை பலூன் விற்பதா என்று அவர் நாணவில்லை. 1952இல் சக்கரங்களுக்கு மறுமிதி இடும் ரப்பர் செய்யப் புகுந்தார். 1961இல் அது பொது நிறுவனமாகி டயர் உற்பத்தியில் இறங்கியது. சிறுகத் தொடங்கி, ஒன்று நிலைபெற்ற பின்னரே அடுத்ததில் கால்வைத்த இவ்வளர்ச்சியில், 1938ஆம் ஆண்டு கற்பித்த பாடத்தை நாம் காண்கிறோம். தந்தை நட ஊக்கிய ரப்பரே மகன் கையில் தொழிலாகியது என்பதும் எண்ணத்தக்கது.

மூத்தவர் கே. எம். செறியான் தந்தைக்குப்பின் மனோரமாவின் ஆசிரியரானார். அவருக்குப்பின் 1973இல் கே. எம். மாத்யூ அப்பொறுப்பை ஏற்றார். 1966இல் கோழிக்கோட்டிலும் 1979இல் நம் கொச்சியிலும் பதிப்புகள் எழுந்தன. சிறிய தந்தையார் செய்தித்தொழில் பழகிய கொச்சிக்கு, ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து ஏடு அச்சு வடிவில் திரும்பி வந்தது.

இவற்றுள் பலவற்றை மாம்மன் மாப்பிள்ளை காணவில்லை. 1953ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், தம் 80ஆம் அகவையில் அவர் மறைந்தார். அவர் கண்டவை மீண்டும் ஓடத் தொடங்கிய அச்சு இயந்திரமும், திருவொற்றியூரில் மகன் நடத்திய சிறு தொழிலுமே.

நாம் கொள்ளும் பாடம்

நம் சங்கத்தைச் சேர்ந்தோருள் கடை நடத்துவோர் உண்டு. சீட்டு நடத்துவோர் உண்டு. பிறர் பணத்தைப் பொறுப்பேற்று வைத்திருப்போர் உண்டு. சங்கத்தின் பொருளும் பலருடைய சந்தாவால் சேர்ந்ததே. ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலார் கதை அன்று. புதியது தொடங்க அஞ்சி மண்ணில் புதைத்து வைத்தால் நாம் இவ்வூருக்கு வந்திருக்கவே மாட்டோம். வந்தது துணிவினால். ஆனால் நம் சொல்லை நம்பி மற்றவர் தம் பொருளை நம் கையில் வைக்கும்பொழுது, நம்முடைய துணிவுக்கு ஓர் எல்லை பிறக்கிறது. எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று நமக்காக நாம் நம்பலாம். நன்றாக நடவாத நாளுக்கும் அவருக்காக நாம் கணக்கு வைத்திருக்க வேண்டும். உயர்ந்த நாளில் இக்கணக்கையும், தாழ்ந்த நாளில் மாம்மன் மாப்பிள்ளையின் தளராமையையும் கைக்கொள்வோமாயின், நம்மை நம்பியவர் கெடார், நாமும் கெடோம்.

வாழ்ந்தும் வீழ்ந்தும் மீண்டும் எழுந்த அம்முதியவரின் நினைவு வாழ்க! அவர் நாட்டில் நம்மை வாழவைக்கும் மலையாள மக்கள் வாழ்க! நம் தமிழும் வளர்க!